மில் ஹாலில் பெரிய படம் விரிந்தது யாரால்?

ராஜபாளையத்தில் மொட்டை மாடி மீது இரும்புக் குழாயை நட்டு, அதன் உச்சியில் ஆன்டெனா கட்டி, இலங்கை டி.வி.யைப் பிடித்துக் காட்டியவன் நான். மேற்கே மலை நிற்கிற ஊரில் படம் எப்படி வரும் என்று படித்தவர்கள் கேட்டார்கள். படம் கிழக்கேயிருந்து வருகிறது என்பது அவர்களுக்குத் தோன்றவில்லை. மில்கள் ஓடத் தொடங்கினால் வீட்டு விளக்குகள் அழுது வடிகிற காலத்தில், என் கையால் கம்பி சுற்றிய ஸ்டெபிலைசர்கள் எத்தனையோ வீட்டு ஃப்ரிட்ஜைக் காப்பாற்றின. செண்பகத்தோப்பில், கரன்ட் கம்பமே போகாத தோப்பு ஒன்றில், லாரி பேட்டரியை வைத்து டி.வி. ஓட்டினேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேர் ஒரு வீதியில் வரும்போது, அடுத்த வீதியில் நிற்கிற கூட்டம் அதைப் பெட்டியில் பார்க்கும்படி வயர் இழுத்தேன். இத்தனைக்கும் படிப்பு ஏழாம் வகுப்பு. சயின்ஸ் வாத்தியார் என்னை வெளியே நிறுத்திய நாட்களைக் கழித்தால் அதுகூடத் தேறாது.

கம்ப்யூட்டர் சர்வீஸ் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிற தம்பி தங்கச்சிகள் நீங்கள், சங்கத்துக்கு மலர் போடுகிறீர்கள். 'மூத்தவர், நாலு வார்த்தை அனுபவம் எழுதிக் கொடுங்கள்' என்று கேட்டீர்கள். சந்தோஷம். மலரில் வரப்போகிற வரலாற்றுப் பக்கத்தையும் எனக்கு அனுப்பி வைத்தீர்கள். அதுதான் வினை. ஆன்டெனாவைப் போட்டிருக்கிறீர்கள், தேரைப் போட்டிருக்கிறீர்கள். ஆனால் லேப்டாப்பில் பெரிய மானிட்டரை மாட்டி முழுப் படத்தை விரித்துக் காட்டியதைப் பற்றி எழுதிய இடத்தில் என்னைக் காணோம். ஆகையால் அதைப் பற்றியே எழுதுகிறேன். உங்களுக்குப் பாடமாகவும் இருக்கும்.

இன்றைக்கு நீங்கள் வயரைச் சொருகுகிறீர்கள், படம் தானாக விரிகிறது. உடனே உங்களை நீங்களே இன்ஜினீயர் என்று சொல்லிக்கொள்கிறீர்கள். தொண்ணூறுகளின் கடைசியில் அப்படி இல்லை. லேப்டாப் என்பதையே ஊரில் பாதிப்பேர் பார்த்ததில்லை. மானிட்டர் என்பது முன்னால் கண்ணாடியும் பின்னால் திமிலும் கொண்ட ஒரு மாடு. பெரிய அளவில் அந்த வட்டாரத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது என் கடையில் இருந்தது. அதற்கு யார் கைதட்டினார்கள்?

கோதை என்று ஒரு பெண். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி. அப்பா கோர்ட்டில் டவாலி போட்ட சேவகர். பெண் மதுரையில் இன்ஜினீயரிங் படித்துவிட்டு, கட்டட பிளான் போடுகிற ஒரு கம்பெனியில் தற்காலிகமாக வேலை பார்த்தது. ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் புது ஷெட் கட்டப்போகிறார்கள் என்றதும், கம்பெனி முதலாளி அந்தப் பெண் கையில் லேப்டாப்பைக் கொடுத்து அனுப்பிவிட்டார். பெரிய மானிட்டர் வேண்டும் என்று என் கடைக்கு வந்தபோது அதுவே என்னிடம் சொன்னது.

"உங்க ஊர்ப்பக்கந்தான, நீயே போய்ப் பேசும்மான்னுட்டாரு அண்ணாச்சி. கான்ட்ராக்ட் கெடைச்சா வேலை நிரந்தரம்."

"கெடைக்கலைன்னா?"

"திங்கக்கெழம லேப்டாப்ப மட்டும் கொண்டாந்து குடுத்தாப் போதும்னாரு. நான் வர வேண்டாமாம்."

அப்பா அப்போது ஓய்வு பெற்றுவிட்டார். வீட்டில் சம்பளம் வாங்குகிற கை அது ஒன்றுதான். இதைச் சொல்லும்போது அந்தப் பெண் சிரித்துக்கொண்டுதான் சொன்னது. சிரித்துக்கொண்டு சொல்கிறவர்களிடம் ஜாக்கிரதையாக இருங்கள். அவர்களுக்காக நாம் கூடுதலாகப் பாடுபட வேண்டியதாகிவிடும்.

மில்லில் முக்கியமானவர் இரண்டு பேர். ஒருவர் பெரிய முதலாளி. நல்ல மனிதர், பக்தி அதிகம். புது மிஷின் எது வந்தாலும் பூசை போட்டு, தன் கையாலேயே சந்தனம் குங்குமம் வைக்காமல் ஓடவிட மாட்டார். இன்னொருவர் அவருடைய மச்சினர், பங்குதாரர். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். அக்கா புருஷனைப் 'பாவா' என்று கூப்பிடுவார். மச்சினருக்குக் கோயம்புத்தூரில் ஒரு கான்ட்ராக்டர் வேண்டப்பட்டவர். ஷெட் வேலை அவருக்குப் போக வேண்டும் என்பது மச்சினருடைய பொதுநலம்.

பிளானைக் காட்டக் குறித்த நாளில், மில் மாடி ஹாலில் காலையிலேயே பூசை. லேப்டாப்பும் மிஷின்தானே? முதலாளி சந்தனக் கிண்ணத்தோடு வந்திருக்கிறார். கோதை பதறிப்போய், "சார், திரையில வேண்டாம், கீ மேலயும் வேண்டாம்" என்று கெஞ்சியிருக்கிறது. அவரும் நியாயஸ்தர். பின்பக்கம் திருப்பி, நடுவில் பள்ளமாக இருந்த இடத்தில் தாராளமாக ஒரு பொட்டு வைத்திருக்கிறார். கோதை அந்த நேரம் பிளக்பாயின்ட் தேடிப் போயிருந்தது. நான் இதையெல்லாம் பார்க்கவில்லை. இரண்டு லோடுமேன்களோடு மானிட்டரைத் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் இருந்தேன்.

நான் வந்தபோது லேப்டாப் சாமி படத்துக்குக் கீழே, சுவரை ஒட்டிப் போட்ட மேசையில், முதுகைச் சுவருக்குக் காட்டி உட்கார்ந்திருந்தது. பங்குதாரர்கள் நாற்காலியில் அமர்ந்துவிட்டார்கள். நான் சுவருக்கும் மேசைக்கும் இடையில் கையை விட்டுத் தடவிப் பார்த்தே பிளக்கைச் சொருகித் திருகினேன். கொஞ்சம் இறுக்கமாகத்தான் போயிற்று. புதுச் சாமான் இறுக்கமாகத்தான் இருக்கும். படம் வந்தது. கைதட்டினார்கள். நான் அந்தக் கைதட்டலை எனக்கென்று எடுத்துக்கொண்டேன்.

அப்புறம் கோதை ஷெட் பிளானைத் திறந்தது. கைதட்டல் நின்றது.

பெரிய மானிட்டர்தான். ஆனால் அதில் வந்தது சின்னப் படம். முழு பிளானையும் காட்டினால் கோடெல்லாம் ஒன்றோடொன்று அப்பிக்கொண்டு கரிக்கட்டையால் கிறுக்கிய மாதிரி இருந்தது. ஒரு மூலையைப் பெரிதாக்கினால் மற்ற மூன்று மூலைகள் வெளியே போய்விட்டன. அப்பிக்கொண்ட கோடுகளில், மிஷின் வரிசையும் தூணும் ஒரே இடத்தில் நின்றன.

மச்சினர் எழுந்தார். "பாவா, மிஷினு நடுவுல தூணு நிக்குதே! நூலு தூணச் சுத்திக்கிட்டு வருமா?"

"இல்ல சார்" என்றது கோதை. "தூண் தள்ளித்தான் இருக்கு. படம் சின்னதா வருது, அதான் கோடு ஒட்டின மாதிரித் தெரியுது."

"கோடே இப்பிடி ஒட்டுதுன்னா, கட்டடம் எப்பிடிம்மா நிக்கும்?"

எல்லோரும் சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை, என்னைப் பார்த்தார். "என்னய்யா டி.வி.க்காரரே, உம்ம பெட்டி பழசா?"

"முதலாளி, என் பெட்டி சிங்கம். அந்தச் சின்னப் பெட்டிதான் இரை போட மாட்டேங்குது" என்றேன். நெருக்கடியில் முதலில் செய்ய வேண்டியது இது: பழுது நம் சாமானில் இல்லை என்று உரக்கச் சொல்ல வேண்டும். உண்மையா என்று பொறவு பார்த்துக்கொள்ளலாம்.

கோதை குனிந்து செட்டிங்கைத் திறந்தது. படத்தின் அளவைப் பெரிதாக்குகிற இடத்தில், இருப்பதிலேயே சின்ன அளவு ஒன்றுதான் இருந்தது. மற்றதெல்லாம் இல்லவே இல்லை. என் பக்கம் சாய்ந்து கிசுகிசுத்தது.

"அண்ணாச்சி, வெளிய என்ன மானிட்டர் மாட்டியிருக்குன்னு லேப்டாப்புக்குத் தெரியல. அறிமுகம் இல்லாத ஆளுன்னு நெனச்சு இருக்கிறதுலயே சின்னப் படமாக் குடுக்குது. இந்த மானிட்டரோட ஒரு ஃப்ளாப்பி வந்திருக்குமே, இருக்கா? அதப் போட்டா நானே பேரச் சொல்லிருவேன்."

"இருக்கும்மா. கடையில டீ கிளாசுக்கு மூடியா இருக்கு."

"ஆள் விட்டு எடுத்தாரலாமா?"

"அது நெறைய டீ குடிச்சிருச்சும்மா. இனி பேசாது."

"வேற வயர்?"

"வயர் மானிட்டரோட ஒட்டிப் பொறந்தது. கழட்ட முடியாது."

அந்தப் பெண்ணின் கண்ணில் திங்கட்கிழமை தெரிந்தது. மச்சினர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "ராகு காலம் வர செத்த நேரந்தான் இருக்கு, பாவா. அதுக்குள்ள ஒரு முடிவச் சொல்லிருவோம். கோயம்புத்தூர்க்காரரு காகிதத்துல வரைஞ்சு கொண்டாந்தாரு. காகிதத்துக்குப் பிளக்கு வேண்டாம்" என்றார். முதலாளி தலையை ஆட்டத் தொடங்கினார்.

எனக்கு வேர்த்துவிட்டது. கையால் நெற்றியைத் துடைத்தேன். தொழில் வாழ்க்கையில் நான் செய்த மிகச் சிறந்த வேலைகளில் அது ஒன்று.

கோதை என் முகத்தையே பார்த்தது. "அண்ணாச்சி, நீங்க வேதக்காரர்தான?"

"ஆமாம்மா. ஞாயித்துக்கெழம தவறாம சர்ச்சுக்குப் போறவன். இப்ப எதுக்கு?"

"அப்ப நெத்தியில சந்தனம் எப்பிடி வந்துச்சு?"

விரலைப் பார்த்தேன். இரண்டு விரலில் மஞ்சளாக அப்பியிருந்தது. முகர்ந்தால் நல்ல சந்தனம். சுவருக்கும் மேசைக்கும் நடுவில் போய்வந்த அதே விரல். கோதை மெல்ல லேப்டாப்பைத் திருப்பிப் பார்த்தது. பிளக்கைச் சுற்றிச் சந்தனம் பிதுங்கிக்கொண்டு நின்றது. முதலாளி பொட்டு வைத்த பள்ளம், மானிட்டர் வயர் போகிற வாய்.

அந்தப் பிளக்கில் வரிசையாகச் சின்னச் சின்ன ஊசிகள் உண்டு. சில ஊசி நிறத்தைக் கொண்டுபோகும். ஓரத்தில் இருக்கிற ஒன்றிரண்டு ஊசி, மானிட்டர் தன் பெயரையும் தன் அளவையும் சொல்லிக்கொள்வதற்கு. நிறம் போகிற ஊசிகள் சந்தனத்தைத் துளைத்துக்கொண்டு போய்விட்டன. பெயர் சொல்கிற ஊசியின் வாயைச் சந்தனம் அடைத்துவிட்டது. இதைக் கோதை எனக்கு ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, முந்தானையை எடுத்துத் துடைக்கப் போயிற்று.

நான் பட்டென்று முந்தானையைப் பிடித்துக்கொண்டேன்.

தம்பி தங்கச்சிகளே, இங்கேதான் கவனிக்க வேண்டும். பழுது தெரிந்துவிட்டது. இனி என்ன, துடைத்துவிடலாமே என்றுதான் நீங்களும் நினைப்பீர்கள். அந்த மில்லில் அதற்கு முன்னால் ஒரு ஃபிட்டர், ஆயுத பூசை முடிந்து மிஷினின் மீட்டர் கண்ணாடியிலிருந்த பொட்டைக் கழிவுநூலால் அழித்தார். அளவு தெரியவில்லை, அழித்தார், அவ்வளவுதான். அந்த வாரமே பெல்ட் ஒன்று அறுந்தது. ஃபிட்டரை பேல் கோடவுனுக்கு அனுப்பிவிட்டார்கள், பஞ்சுப் பொதி எண்ணச் சொல்லி. முதலாளி தன் கையால் வைத்த பொட்டை, ஒரு பெண், முந்தானையால், பங்குதாரர்கள் முன்னால், சாமி படத்துக்குக் கீழேயே அழித்தால் என்ன ஆகும்? மச்சினர் அதற்குமேல் ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. எழுந்து போய்க் கோயம்புத்தூருக்கு போன் போட்டால் போதும்.

"விடுங்க அண்ணாச்சி, நேரமாகுது" என்று பல்லைக் கடித்தது கோதை.

"செத்த நேரம் சும்மா இரும்மா. நீ கண்டுபிடிச்சிட்ட. எடுக்கிறது என் வேலை."

நான் சட்டைக் கையால் நெற்றியைத் துடைத்துவிட்டு, முதலாளி பக்கம் திரும்பி, கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். "முதலாளி, ஒரு குறை இருக்கு."

"சொல்லும்யா."

"காலையில பூசை நேரத்துல நான் மானிட்டரத் தூக்கிக்கிட்டுப் படியில நின்னுட்டேன். எல்லாருக்கும் பிரசாதம் கெடைச்சிருக்கும். எனக்கு இல்ல."

முதலாளி நிமிர்ந்து உட்கார்ந்தார். "நீரு வேதக்காரராச்சேய்யா?"

"வேதக்காரனுக்கும் நெத்தின்னு ஒண்ணு இருக்குல்ல, முதலாளி?"

ஹாலே சிரித்தது. முதலாளிக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. கிண்ணத்தைக் கொண்டுவரச் சொன்னார். கிண்ணம் ஷெட் கட்டப்போகிற இடத்தில் பூசை போடப் போய்விட்டது என்றார்கள். நான் எதிர்பார்த்ததும் அதுதான்; படியில் நின்றபோதே அந்தக் கிண்ணம் கீழே போவதைப் பார்த்திருந்தேன்.

"அதனால என்ன முதலாளி? மிஷினுக்கு நீங்க வச்சது இருக்கே. உங்க கையால வச்சது. அதுலயே கொஞ்சம் எடுத்துக்கிறேன்."

"எடுத்துக்கும்யா, எடுத்துக்கும்!" என்றவர் சுற்றிலும் பார்த்தார். "எல்லாருக்கும் வையி. வேதக்காரரே கேட்டு வாங்குதாரு, நாம சும்மா உக்காந்திருக்கோம்."

அதைவிட எனக்கு வேறென்ன வேண்டும்? "செத்த நேரம் குளிர வச்சுத் திரும்ப ஏத்துறோம் முதலாளி" என்றேன். அந்த மில்லில் விளக்கையோ மிஷினையோ அணைக்கிறோம் என்று சொல்லக் கூடாது. கோதை புரிந்துகொண்டு லேப்டாப்பைக் குளிர வைத்தது. நான் பிளக்கைக் கழற்றினேன். முதலுதவிப் பெட்டியிலிருந்து பேண்டேஜ் துணியும் ஸ்பிரிட்டும் கேட்டேன். பேண்டேஜ் துணி நெய்கிற வட்டாரத்தில் அதற்கு என்ன பஞ்சம்? தீக்குச்சி முனையைக் கூராகச் சீவி, துணியின் நூலைச் சுற்றி, ஓட்டை ஓட்டையாகச் சந்தனத்தைத் தோண்டி எடுத்தேன்.

"ஸ்பிரிட்டு எதுக்குய்யா?" என்றார் முதலாளி.

"பிரசாதம் எடுக்கிற கை சுத்தமா இருக்கணும்ல முதலாளி."

முதல் பொட்டு எனக்கு. அடுத்தது முதலாளிக்கு. பங்குதாரர்கள் ஒவ்வொருவராக வந்து குனிந்தார்கள். ஒவ்வொரு நெற்றிக்கும் இரண்டு மூன்று ஓட்டை சுத்தமாயிற்று. கடைசியாக மச்சினர். நாற்காலியில் ஒட்டிக்கொண்டிருந்தவரை முதலாளி ஒரு பார்வை பார்த்தார். எழுந்து வந்து நெற்றியைக் காட்டினார். ஓரத்து ஊசியின் ஓட்டையில் இருந்ததை அவருக்கென்றே மிச்சம் வைத்திருந்தேன். நன்றாக அழுத்தி வைத்தேன்.

பிளக்கைச் சொருகினேன், இந்த முறை கண்ணால் பார்த்து. லேப்டாப் எழுந்திருக்க நேரம் எடுத்துக்கொண்டது. சந்தனம் வைத்த நெற்றிகள் எல்லாம் திரையைப் பார்த்துக் காத்திருந்தன. பூசை நேரத்தில் எழுந்து போக யாருக்கும் மனம் வரவில்லை. திரையில் சின்னப் பெட்டி ஒன்று முளைத்தது. அதில் என் மானிட்டரின் பெயர் இருந்தது. கோதை செட்டிங்கைத் திறந்து, இப்போது புதிதாக வந்திருந்த அளவுகளில் பெரியதைத் தேர்ந்தெடுத்தது.

மடித்து வைத்த எட்டு முழ வேட்டியை உதறிக் காயப்போட்ட மாதிரி படம் விரிந்தது. ஷெட் முழுசாக, நான்கு மூலையோடு. கோடெல்லாம் ஊசி முனையில் வரைந்த மாதிரி. மிஷின் வரிசை ஒரு பக்கம், தூண் வரிசை ஒரு பக்கம்.

முதலாளி எழுந்து வந்து, மானிட்டர் கண்ணாடியில் இரண்டுக்கும் நடுவே விரலை வைத்தார். "இங்கன ஆளு நடக்கலாமாம்மா?"

"டிராலியே போகலாம் சார். எதிர்த்தாப்ல இன்னொரு டிராலி வந்தாலும் ஒதுங்க எடம் இருக்கு."

முதலாளி மச்சினரைத் திரும்பிப் பார்த்தார். "ஏமிரா, தூணு எங்க இருக்கு?"

மச்சினர் நெற்றிச் சந்தனம் காயவில்லை. "தள்ளித்தான் இருக்கு, பாவா."

ராகு காலத்துக்கு முன்னால் முடிவாகிவிட்டது. திங்கட்கிழமை கோதை லேப்டாப்போடு கம்பெனிக்குப் போய், நாற்காலியில் உட்கார்ந்தது. நிரந்தரம். இன்றைக்கு மதுரையில் அந்தக் கம்பெனிக்கே தலைமை இன்ஜினீயர்.

நான் வீட்டுக்குப் போனேன். என் வீட்டுக்காரி வாசலிலேயே என் நெற்றியைப் பார்த்துவிட்டு, "எந்தக் கோயில்ல மொட்டை போட்டுட்டு வாரிய?" என்றாள். அன்றைக்கு எனக்குக் கிடைத்த பாராட்டு அதுதான்.

ஏனென்றால், படம் எப்படி வந்தது என்பதற்கு முதலாளி ஒரு காரணம் வைத்திருந்தார். "பிரசாதம் எல்லாருக்கும் போய்ச் சேர்ந்ததும் எப்பிடித் தெளிஞ்சது பாத்தீங்களா?" இதை அவர் எங்கே போனாலும் சொன்னார். அதன் பிறகு அந்த மில்லில் எந்த மிஷின் முரண்டினாலும், ஃபிட்டரைக் கூப்பிடுவதற்கு முன்னால் சந்தனத்தை எடுத்து எல்லோருக்கும் வைத்தார்கள். சில மிஷின் ஓடவும் செய்தது. கோதையின் கம்பெனி, 'எங்கள் பெண் எப்படிச் சமாளித்தது!' என்று பெருமைப்பட்டது. அந்தப் பெண்ணிடம் கேட்டால், "சின்ன கான்டாக்ட் பிராப்ளம்தான், சரி பண்ணிட்டோம்" என்று சொல்லும். 'டோம்' என்பதற்குள் நான் இருக்கிறேன். பூதக்கண்ணாடி வைத்துத் தேடினால் தெரிவேன்.

நம் தொழிலின் லட்சணம் இது. பழுதை எடுத்தால் பேர் கிடைக்கும். எடுத்தது யாருக்கும் தெரியாமல், யார் மனமும் கோணாமல் எடுத்தால், ஊர்க் கணக்கில் அது பழுதாகவே இருந்திருக்காது. நீங்கள் வாடிக்கையாளர் வீட்டுக்குப் போகும்போது, அங்கே மிஷினின் மேல் என்ன இருக்கிறது என்று பார்ப்பதோடு, அதை அங்கே வைத்தது யார் என்றும் கேளுங்கள். துடைக்கத் தெரிந்தவன் ஊருக்குப் பத்துப் பேர் உண்டு. யாருடைய பொட்டு என்று கேட்டுவிட்டுத் துடைக்கிறவன்தான் அடுத்த தடவையும் உள்ளே கூப்பிடப்படுவான்.

இனி மலருக்கு வருகிறேன். நீங்கள் அனுப்பிய வரலாற்றுப் பக்கத்தில், 'நம் பகுதியில் லேப்டாப்பைப் பெரிய மானிட்டரில் இணைத்து முழு அளவில் முதன்முதலாகக் காட்டியவர் பொறியாளர் கோதை' என்று போட்டிருக்கிறீர்கள். கீழே, 'மில் நிர்வாகத்தின் ஆதரவோடு' என்று வேறு. கோதையின் பெயரை எடுக்கச் சொல்லவில்லை. சந்தனத்தைக் கண்டது அந்தப் பெண்ணின் கண். முதலாளிக்கும் ஒரு வரி இருக்கட்டும், சந்தனம் அவருடையது. ஆனால் அது ஒட்டியிருந்த விரல் யாருடையது? மானிட்டர் யாருடையது? அத்தனை பெரிய மனிதர்கள் குனிந்து நின்றது யார் கைக்கு முன்னால்?

தன் பெயரைத் தானே சொல்லிக்கொள்ளாத மானிட்டருக்குச் சின்னப் படம்தான் கிடைக்கும் என்பதை அன்றைக்கு அந்த ஹாலில் என் கண்ணாலேயே பார்த்தேன். ஆகையால் கூச்சப்படாமல் சொல்கிறேன்: என் பெயர் டி.வி. ஞானதுரை. கோதையின் பெயருக்குப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில் போடுங்கள். அச்சுக்குப் போகும் முன்னால் எனக்கு ஒரு தடவை காட்டுங்கள். கடைக்கு வாருங்கள், டீ தருகிறேன். அந்த ஃப்ளாப்பி இன்னும் மூடியாகத்தான் இருக்கிறது.